செம்பூர் ரூமுக்கு வந்த ஜலதோஷம்

செம்பூர்
21 ஆகஸ்ட் 2024

ஃபர்ஸானா மதினிக்கு, பரீஹாவின் ஸலாம். நலமா என்று விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் தம்பியை நாளை மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாக இருந்தது. அது தள்ளிப்போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று நாங்கள் எடுத்த இந்த ரூமுக்கு வெள்ளிக்கிழமை நீங்கள் வந்து போனீர்கள். திங்கட்கிழமை அவருக்கு மூக்கு ஒழுகி, காய்ச்சல் நூற்றி ஒன்றுக்குப் போனது. மூக்குக்குள் குச்சி விட்டு டெஸ்ட் எடுத்தார்கள். ஆர்.எஸ்.வி. என்று ஒரு வைரஸாம். நமக்கு வந்தால் நாலு நாள் தும்மிவிட்டுப் போய்விடும். அவருக்கு அப்படி இல்லை.

வந்தனா டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் ஸ்டெம் செல்லை அவருக்கு ஏற்றுவதற்கு முன்னால் கொடுக்கிற கீமோ, உடம்பிலிருக்கிற வெள்ளை அணுக்களை முழுக்க வழித்தெடுத்துவிடும். அந்த நேரத்தில் மூக்கிலிருக்கிற வைரஸ் நுரையீரலுக்கு இறங்கினால் தடுக்க உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் சளி முழுக்க ஆறும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் அடங்கிக் கிடக்கிற ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டால் இத்தனை மாதம் பட்டதெல்லாம் வீண். இரண்டுக்கும் நடுவில் அவர் படுத்துக் கிடக்கிறார்.

உங்களுக்கு வெள்ளிக்கிழமையே சளி இருந்தது. "மழையில நனைஞ்சது, ஒண்ணுமில்ல" என்றீர்கள். மாஸ்க்கைக் கழற்றி, யாசீன் ஓதி, அவர் முகத்தில் மூன்று தடவை ஊதினீர்கள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஓதுகிற நேரத்தில் எப்படித் தடுப்பது என்று வாயை மூடிக்கொண்டேன். திங்கட்கிழமை நீங்கள் ரசம் கொண்டுவந்து நின்றபோது அந்த வாயை மூட முடியவில்லை.

போனில் எழுதியிருக்கலாம். என் போன் பாதி நேரம் அவர் கையில்தான் இருக்கிறது, கிரிக்கெட் பார்க்கிறார். நான் வாசலில் கத்தியபோது அவர் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவேண்டாம் என்றுதான் பேப்பரில் எழுதி உங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ரஹ்மத்துல்லா அண்ணன் கவரைப் பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை.

இப்போதைக்கு இங்கே வராதீர்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் நீங்களும் அந்த டெஸ்ட்டைக் கொடுக்கவேண்டும். செல் கொடுக்கப்போவது நீங்கள். உங்கள் டெஸ்ட் சுத்தமாக இல்லாமல் புதுத் தேதி போடமாட்டார்களாம். இது டாக்டர் சொன்னது, நான் சொன்னது இல்லை.

பரீஹா


தாராவி
23 ஆகஸ்ட்

பரீஹாவுக்கு,

ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்க எனக்குக் கை வராது. ஸலாம். கோபம் அப்படியே இருக்கிறது.

"ஊதி ஊதியே அவர கொன்னுருவீங்க" என்று வாசலில் வைத்துச் சொன்னாய். பக்கத்து ரூம் மராத்திக்காரி கதவைத் திறந்து பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, நல்லவேளை. ஆனால் என் மூஞ்சியைப் பார்த்திருப்பாள் அல்லவா? ரசத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மூடி சரியாக இல்லாமல் சயான் வரைக்கும் என் புர்காவில் வடிந்துகொண்டே வந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

பைசானுக்கு நான் ஊதாமல் வேறு யார் ஊதுவார்கள்? உம்மா போன பிறகு அவனுக்குப் பரீட்சை என்றாலும் நான்தான், பல்வலி என்றாலும் நான்தான். நீ கல்யாணமாகிக் கடையநல்லூரிலிருந்து வந்து இறங்கின அன்றைக்கு உனக்கும் ஊதினேன், மறந்துவிட்டாயா? அன்றைக்கு உனக்கு ஒன்றும் வரவில்லையே.

டெஸ்ட்டுக்கு நான் போகவில்லை. திருடியைப் பிடித்துக் கைரேகை எடுக்கிற மாதிரி என்னை நிறுத்திக் குச்சி விடுவார்கள், நான் நிற்கவேண்டும், இல்லையா? ஆறு மாதத்துக்கு முன்னால் ரத்தம் பொருந்துகிறதா என்று பார்க்க வா என்றபோது நானாக முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டினேன். எல்லாம் பொருந்துகிறது என்று சொன்ன அன்று வீதி முழுக்க பேடா கொடுத்தேன். அந்த ஃபர்ஸானாவை இன்றைக்குச் சந்தேகக் கேஸ் ஆக்கிவிட்டாய்.

இதற்கு மேல் எழுதக்கூடாது என்று பேனாவை வைத்துவிட்டேன். பிறகு திரும்ப எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பரீஹா. அந்தப் பேப்பரில் என் பெயருக்கு நேரே அதே வைரஸின் பெயர் வந்துவிட்டால் நான் எப்படிச் சோறு தின்பேன்? என் மூச்சுத்தான் அவனுக்குக் கேடு என்று எழுத்தில் வந்துவிட்டால்? அதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. காலி-பீலி வீம்பு, காரணமில்லாத வீம்பு என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

அவன் சாப்பிடுகிறானா?

ஃபர்ஸானா


செம்பூர்
27 ஆகஸ்ட்

மதினி, ஸலாம்.

சாப்பிடவில்லை. நேற்று இருமல் நெஞ்சுக்குள் இறங்கின மாதிரி சத்தம் மாறியது. விரலில் மாட்டுகிற மிஷின் ஆக்ஸிஜனைத் தொண்ணூற்றி இரண்டு என்று காட்டியது. ஆட்டோவில் அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் வருகிறவரை நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து என்னென்ன நினைத்தேன் என்பதை எழுதமாட்டேன்.

நுரையீரலின் ஒரு ஓரத்தில் லேசாக ஆரம்பித்திருக்கிறது. ஆக்ஸிஜன் வைத்து, மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். இந்த வைரஸுக்கென்று அடித்துப் போடுகிற மருந்து கிடையாதாம். இருப்பதைக் கொடுத்துவிட்டு உடம்பு தானாக வெல்லட்டும் என்று காவல் இருப்பதுதான் வைத்தியம் என்கிறார்கள். பரவினால் மாற்று சிகிச்சை மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அவ்வளவு நாள் அந்தப் புற்றுநோய் நமக்காகப் பொறுத்திருக்குமா என்று கேட்டேன். வந்தனா டாக்டர் என் தோளில் கை வைத்தார். அவர் கை வைத்ததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

நீங்கள் எழுதியதை டாக்டரிடம் கேட்டேன். பெயர் சொல்லாமல் கேட்டேன். "வீட்டு ஆள் ஒருத்தர் டெஸ்ட்டுக்கே பயப்படுகிறார், தன்னால்தான் வந்தது என்று தெரிந்துவிடுமோ என்று" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "யார் கொடுத்தது என்று கண்டுபிடிப்பது போலீஸ் வேலை, என் வேலை இல்லை. இந்த மழையில் பம்பாயில் பாதிப் பேருக்கு இது இருக்கிறது. அவர் இன்றைக்கு டெஸ்ட் கொடுத்தால் இன்றைக்கு இருக்கிறதா என்றுதான் தெரியும். பத்து நாளைக்கு முந்தின கதையை அது சொல்லாது."

ஆகவே மதினி, அந்தப் பேப்பர் உங்களைக் குற்றவாளி ஆக்காது, விடுதலையும் செய்யாது. உங்கள் உடம்பிலிருந்து செல் எடுக்கலாமா கூடாதா, அதை மட்டும்தான் சொல்லும்.

எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. மறைக்கவில்லை. அது எங்கேயும் ஓடிப்போகாது, அவர் நன்றாகி வந்த பிறகு நாம் இருவரும் உட்கார்ந்து வயிறு நிறையச் சண்டை போடலாம். இப்போது தயவுசெய்து போய் அந்தக் குச்சியைக் காட்டுங்கள். உலகத்தில் அவருக்குப் பொருந்துகிற ஆளாக உங்கள் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

பரீஹா


தாராவி
31 ஆகஸ்ட்

பரீஹா, ஸலாம்.

போனேன். குச்சியை மூக்கில் விட்டார்களா, மூளையில் விட்டார்களா தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்த நர்ஸ் பிள்ளை, "ஆண்ட்டி, டென்ஷன் மத் லோ" என்றாள், டென்ஷன் வேண்டாமாம். நான் பத்து நாளாக டென்ஷனைத்தான் தின்றுகொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். ரிசல்ட் வந்துவிட்டது. சுத்தம். ஒரு வைரஸும் இல்லை. உன் டாக்டர் சொன்ன மாதிரி இதனால் பழசு ஒன்றும் அழியாது, தெரியும். ஆனாலும் நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

டெஸ்ட்டோடு விடவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி போட்டாயிற்று. உன் ரஹ்மத்துல்லா அண்ணன் ஊசியைக் கண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கலிமா சொன்னார். தோல் அறுக்கிற கத்தியோடு முப்பது வருஷம் தொழில் செய்கிற மனுஷன்!

இனி முக்கியமான விஷயம். உட்கார்ந்துகொண்டு படி.

நம்ம சைஃப் இருக்கிறானே, பைசானோடு பேக் தைக்கிற பட்டறையில் பக்கத்து மிஷினில் உட்காருவானே, அவன். நேற்று மருந்துக் கடையில் பார்த்தேன். நன்றாக இருமினான். தள்ளி நின்று, "ஏல, மாஸ்க் போட்டுக்கிட்டு இருமு" என்றேன். அதற்கு அவன், "லாத்தா, எனக்கு இருவது நாளா இதான். பைசான் வந்தப்பவே இருந்துச்சி. அவன்தான் கேக்காம கட்டிப்புடிச்சான்" என்றான்.

எப்போது வந்தான் என்று கேட்டேன். பதினாலாம் தேதியாம். நான் உன் ரூமுக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு! நீ ஆபீஸுக்குப் போயிருந்தபோது, ரத்த டெஸ்ட் என்று எதையாவது சொல்லிவிட்டு, லோக்கல் ட்ரெயினில் ஏறி இங்கே வந்திருக்கிறான். பட்டறை, டீக்கடை, பள்ளிவாசல் வாசல், பழைய வீட்டு வரிசை, ஒன்று விடாமல் போயிருக்கிறான். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பார்கள் அல்லவா, அந்த மாதிரி. "நான் ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்கோங்க, ஆபரேசனுக்குப் போறேன்" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து, நெஞ்சோடு நெஞ்சு சேர்த்துத் தழுவியிருக்கிறான். மாஸ்க் போட்டுக்கொண்டு மாப்புக் கேட்டால் மரியாதை இல்லை என்று அதைப் பாக்கெட்டில் வைத்துவிட்டானாம். அந்த வரிசையில் இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளை இருமிக்கொண்டிருக்கிறது.

எல்லோரும் நான் சொல்லித்தான் அவன் வந்தான் என்று நினைத்திருக்கிறார்கள். என் வீட்டு வாசலை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான், ராஸ்கல்.

ஃபர்ஸானா


செம்பூர்
3 செப்டம்பர்

மதினி, ஸலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டே வார்டுக்குள் போனேன். அவர் ஆக்ஸிஜன் குழாயோடு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். போனைப் பிடுங்கினேன். "பதினாலாம் தேதி எங்க போனீங்க?" என்றேன்.

முதலில் "ரத்த டெஸ்ட் கொடுக்க" என்றார். பிறகு என் கையிலிருந்த பேப்பரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டார். உங்கள் 'ஃ' மூன்று புள்ளியும் மூன்று திசையில் போகும், அதை எங்கே பார்த்தாலும் தெரியும். பொய் அதோடு நின்றுவிட்டது.

நான் கத்தினேன், மதினி. உங்களிடம் கத்தியதைவிட அதிகமாக. நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். நான் போகவில்லை. எத்தனை பேரைக் கட்டிப்பிடித்தீர்கள், எத்தனை பேர் இருமினார்கள், இதற்காகவா நான் வெந்நீரில் கதவுக் கைப்பிடியைக்கூடத் துடைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் அக்காவை வாசலோடு விரட்டினேனே என்று எல்லாம் கொட்டிவிட்டேன். அதோடு நம் சண்டையும் வெளியே வந்துவிட்டது.

அவர் இருமி முடித்துவிட்டுக் கேட்டார்: "லாத்தாவயா வெரட்டின?" அதற்குத்தான் முதலில் கலங்கினார், தன் உடம்புக்கு இல்லை.

பிறகு நான் கேட்டேன். ஊர் முழுக்க மாப்புக் கேட்டீர்களே, எங்கள் இருவரிடமும் ஏன் கேட்கவில்லை? அதிகமாகத் தப்பு செய்தது எங்களிடம்தானே? அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்த்தபடியே, "ஒங்க ரெண்டு பேருகிட்டயும் கேட்டா, நான் திரும்ப மாட்டேன்னு நீங்க நம்பிருவீங்கல்லா" என்றார்.

எனக்குக் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இந்த மனிதர் சிகிச்சைக்குப் போகத் தயாராகவில்லை, மதினி. விடைபெற்றுப் போகத் தயாராகியிருக்கிறார். இத்தனை மாதமாக ஒரே ரூமில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. நான் அவர் காய்ச்சலை அளந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கு வாசலில் நான் சொன்னது சொல்லக்கூடாத வார்த்தை. வைரஸ் யாரிடமிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது. உங்களிடமிருந்தே வந்திருந்தாலும் அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக்கூடாது. என்னை மன்னியுங்கள்.

இருமல் இன்று கொஞ்சம் குறைவு. தொண்ணூற்றி ஐந்து.

பரீஹா


தாராவி
5 செப்டம்பர்

பரீஹா, ஸலாம்.

கடிதத்தில் மன்னிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. நேரில் வா, பிரியாணி தின்னு, அதற்கப்புறம் பார்க்கலாம்.

சளியோடு அவன் முகத்துக்கு நேரே போய் ஊதியது தப்புத்தான். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. என்னிடமிருந்து வரவில்லை என்று நாளைக்கு அந்த டாக்டரே எழுதிக் கொடுத்தாலும் தப்பு தப்புதான். இங்கே பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். "ஓதுறது அல்லாஹ்வுக்கு கேட்டா போதும்மா, செம்பூர்ல இருக்கிறவன் மூஞ்சிக்கு எதுக்கு கொண்டுபோறீங்க" என்றார். அதனால் இப்போதெல்லாம் என் வீட்டிலிருந்தே ஓதுகிறேன்.

அவனிடம் ஒன்று சொல். விடைபெற்றுப் போகிறவனுக்கு நான் செல் கொடுக்கமாட்டேன். திரும்பி வருகிறேன் என்று சொல்கிறவனுக்குத்தான் கொடுப்பேன். சொல்லிவிட்டு அவன் மூஞ்சி எப்படிப் போகிறது என்று எனக்கு எழுது.

ஃபர்ஸானா


செம்பூர்
17 செப்டம்பர்

மதினி, ஸலாம்.

சொன்னேன். சிரித்தார். சிரித்ததில் இருமல் வரவில்லை! அதை நானும் அவரும் ஒரே நேரத்தில் கவனித்தோம். இன்னொரு தடவை சிரித்துக் காட்டச் சொன்னேன்.

நல்ல செய்தி எல்லாம் ஒரே நாளில் வந்திருக்கிறது. ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள். ஸ்கேனில் அந்த ஓரம் தெளிந்துவிட்டது. மூக்கு டெஸ்ட்டில் வைரஸ் இல்லை. நான் அதிகம் பயந்தது எலும்பு மஜ்ஜை டெஸ்ட்டுக்குத்தான். புற்றுநோய் திரும்பவில்லை. வந்தனா டாக்டர், "பொறுத்திருந்தது நல்லதாகப் போயிற்று, இனி ஒரு நாளும் வீணாக்கவேண்டாம்" என்றார். இருபத்தொன்றாம் தேதி சேர்க்கிறார்கள்.

உங்களுக்கு அதற்கு முன்னால் இன்னொரு தடவை குச்சி உண்டு. திட்டாதீர்கள். அதுவரை கூட்டத்துக்குப் போகவேண்டாம், கல்யாண வீட்டுக்குப் போகவேண்டாம், சைஃப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

அவருடைய சிநேகிதர்கள் வழியனுப்ப வருகிறார்களாம். கீழே ரோட்டில் நின்று கையசைக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் பொல்லாதவள் என்று தாராவி முழுக்கப் பெயராகிவிட்டது என்று கேள்வி. இருக்கட்டும்.

பரீஹா


தாராவி
29 செப்டம்பர்

பரீஹா, ஸலாம்.

நீ அவனோடு வார்டுக்குள்ளே இருக்கிறாய், பேப்பர் உள்ளே வரக்கூடாதாம். இதை நீ வெளியே வருகிறபோது படித்துக்கொள்.

நாலு நாள் ஊசி போட்டதில் இடுப்பெலும்பு, முதுகெலும்பு எல்லாம் உளைந்தது. செல் ஊறுகிறது என்று அர்த்தம் என்றார்கள். அப்படியானால் நன்றாக உளையட்டும் என்று படுத்துக் கிடந்தேன். நேற்று இரண்டு கையிலும் குழாய் மாட்டி மிஷின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போகிறது, செல்லை எடுத்துக்கொண்டு மறு கையில் திரும்பி வருகிறது. கையை மடக்கக்கூடாது. சரியாக அந்த நேரம் பார்த்து மூக்கு அரித்தது! நர்ஸிடம் கேட்க வெட்கம். கடைசியில் கேட்டேன். அவள் ஒரு துணியால் சொறிந்துவிட்டாள். அப்படி ஒரு சுகம் நான் கண்டதில்லை.

கடைசியில் பையைக் காட்டினார்கள். தக்காளி ஜூஸ் மாதிரி இருந்தது. கொஞ்சம்தான். இவ்வளவுதானா என்று கேட்டேன். "இவ்வளவு போதும், ஆண்ட்டி" என்றாள். பையைக் கொண்டுபோகிறபோது ஓதினேன். ஊதவில்லை, மாஸ்க் போட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி அழுதேன். உன் ரஹ்மத்துல்லா அண்ணன் எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வலி இல்லை, நிம்மதி என்று சொன்னால் ஆம்பளைக்குப் புரியுமா?

ஃபர்ஸானா


செம்பூர்
17 அக்டோபர்

மதினி, ஸலாம்.

மத்தியானம் போனில் சொல்லிவிட்டேன், உங்கள் செல் பிடித்துவிட்டது, வெள்ளை அணு ஏறுகிறது என்று. நீங்கள் போட்ட கூச்சலில் ஸ்பீக்கர் போடாமலே அவருக்குக் கேட்டது. வந்தனா டாக்டர் மட்டும் சந்தோஷத்தை அளந்துதான் காட்டுகிறார். இன்னும் சில மாதம் ஜாக்கிரதை, ஒரு தும்மலைக்கூட லேசாக எடுத்துக்கொள்ளாதே என்கிறார். எடுக்கமாட்டேன். என்னைப் பற்றித்தான் தாராவிக்கே தெரியுமே.

அவர் பக்கத்தில் இருந்ததால் போனில் சொல்லமுடியாதது ஒன்று உண்டு. அதற்காகத்தான் ஆஸ்பத்திரி காண்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செல் ஏற்றிய பிறகு பத்து நாள் அவர் சரியாகப் பேசவே இல்லை. வாய் முழுக்கப் புண். கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். அந்த மாப்புக் கேட்கிற பார்வை இன்னும் இருக்கிறதா என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால், இருந்தது. உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் தாங்கியிருக்கமாட்டீர்கள், நானும் சொல்லி முடித்திருக்கமாட்டேன்.

இன்று காலை செம்பூர் ரூம் புரோக்கர் ஹரி போன் பண்ணினார். அடுத்த மாதத்தோடு வாடகை அக்ரிமெண்ட் முடிகிறது. இங்கே பதினொரு மாதத்துக்குப் போடலாம், இல்லையென்றால் முப்பத்துமூன்று மாதத்துக்கு. நான் போன தடவை மாதிரியே பதினொரு மாதத்துக்கே போட்டுவிடச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் நினைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

போனை வைத்தேன். அவர் கண்ணை மூடித்தான் படுத்திருந்தார். கண்ணைத் திறக்காமலே, புண் வாயோடு, நல்ல எரிச்சலாகச் சொன்னார்: "ஒனக்கு கூறு இருக்கா? வருசா வருசம் எவன் ரூம் தேடி அலையுறது? முப்பத்திமூணு மாசத்துக்குப் போடச் சொல்லு."

நான் உடனே ஹரிக்குப் போன் பண்ணி முப்பத்துமூன்றுக்கே போடச் சொல்லிவிட்டேன். பிறகு கதவுப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். மாஸ்க் நனைந்து மூச்சு விடமுடியாமல் போயிற்று. நர்ஸ் வந்து என்ன ஏது என்று கேட்காமல் புது மாஸ்க் ஒன்றைக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சத்தம் போடாத, தூக்கம் வருது" என்றார்.

உங்கள் பரீஹா